சத்தமில்லாத நான்கு டயர்கள்

1997 நவம்பர் 12, புதன்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். விடியற்காலையில் பெய்த மழை விட்டு, தூறல் மட்டும் இருந்தது. பல்லடம் சாலையில் உள்ள டயர் கடையில், என் வண்டியின் பின்சக்கரத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பத்தெட்டு. ஒவ்வொன்றும் என் தீப்பெட்டியை விடப் பெரியது.

அது உயரமான சொகுசு வண்டி. துணி வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களைக் கோவை விமான நிலையத்திலிருந்து கூட்டி வருவதற்காக, மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒருவரிடம் வாங்கினேன். சேற்றுப் பாதைக்கு என்று அவர் போட்டிருந்த முரட்டு டயர்கள் அப்படியே இருந்தன. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் அடியிலிருந்து ஓர் உறுமல் கிளம்பும். வெளிநாட்டுக்காரர்கள் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. நானும் விட்டுவிட்டேன்.

நவம்பர் மூன்றாம் தேதி முதல் அந்த வண்டியில் என் மனைவியைக் கோவைக்குக் கூட்டிப்போய் வந்தேன். அவளுக்கு முதுகெலும்பில் கட்டி. இருபத்தைந்து முறை கதிர்வீச்சு கொடுக்க வேண்டும், இடையில் நிறுத்தக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சனி, ஞாயிறு தவிர தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு. பின் இருக்கையில் இரண்டு தலையணை வைத்துப் படுத்து வருவாள். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில். எங்கள் வீட்டு வாசலிலிருந்து அவினாசி வரை அறுபத்தொரு குழிகள் இருந்தன. அவற்றை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. டயரை மாற்ற முடியும்.

"சத்தம் எனக்கு ஒண்ணும் பண்ணலீங்க, உடுங்க" என்று அவள் இரண்டு முறை சொன்னாள். செலவுக்குப் பயந்து சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கடைக்காரரை ஊரில் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான். அவர் மூன்று வகை டயரைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"கட்டம் சின்னதா, நெருக்கமா, ஒண்ணுக்கொண்ணு அளவு மாறி இருக்கோணுங்க. ஒரே அளவா இருந்தா ஒரே சுதியில ஊதும். டயரோட பக்கச்சுவரு கொஞ்சம் தொய்வா இருந்தா குழியத் தாங்கிக்கும்."

நான் மூன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். முப்பது வருடம் பனியன் துணியை அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

"மொதலாளி, அது ரப்பருங்க. தொவச்சாலும் சுருங்காது" என்றார் பாய்.

நடுவில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். கட்டங்கள் எழுபத்திரண்டு. ஒன்றின் விலை மூவாயிரத்து எண்ணூற்றைம்பது. ஆனால் நாலையும் ஒரேயடியாக வாங்க மனம் ஒப்பவில்லை.

"பாய், முதல்ல ஒண்ணு சாம்பிளாப் போடுங்க. ஓகேன்னா மீதி மூணும் எடுத்துக்கறேன்."

அவர் என்னையே பார்த்தார். "ஏனுங்க, பனியன்ல ஒரு கைய மட்டும் தெச்சுப் போட்டுப் பாப்பீங்களா? மூணு நாய் கொலைக்கறப்ப நாலாவது நாய் சும்மா இருந்தா, உங்க காதுக்குத் தெரியுமா?"

எங்கள் ஊரில் சாம்பிள் பார்க்காமல் யாரும் எதையும் வாங்க மாட்டார்கள். நான் பிடிவாதமாக நின்றேன். மனைவியின் தலை வரும் பக்கத்தில், பின்சக்கரத்தில், ஒன்றை மட்டும் மாட்டினார். அன்று கோவைக்குப் போய் வந்தோம். எட்டாவது முறை. மூன்று நாய்களும் குலைத்தன.

மறுநாள் காலை மீதி மூன்றையும் போட்டேன். பாய் சிரிக்கவில்லை. பழைய டயர்களை ஒன்று அறுநூறு ரூபாய் என்று எடுத்துக்கொண்டார்.

பிற்பகல் கிளம்பினோம். ஒன்பதாவது முறை. அவினாசி தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் வண்டி அமைதியானது. அறுபதில் போனோம், எழுபதில் போனோம், உறுமல் இல்லை. டிரைவரின் கைக்கடிகாரம் ஓடுவது கேட்டது. அதற்கப்புறம் பின்னாலிருந்து ஒரு சின்ன சத்தம். இருக்கையின் ஸ்பிரிங் என்று நினைத்தேன். சாலையில் ஒவ்வொரு ஒட்டுப்போட்ட இடத்திலும் அது வந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். எண்ணத் தொடங்கினேன். நாற்பத்து மூன்று வந்தபோது திரும்பிப் பார்த்தேன். அவள் துண்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது.

"வலிக்குதா?"

"ஒண்ணுமில்லீங்க."

அதன் பிறகு அவள் சத்தமே போடவில்லை. துண்டு வாயிலேயே இருந்தது. நான் எட்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சருக்குக் காத்திருந்தபோது அவளாகவே சொன்னாள்.

"ஏனுங்க, பழைய டயருல நான் பாட்டுக்கு மொனகீட்டு வருவேனுங்க. யாருக்கும் கேக்காது. இப்ப நீங்க திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க. வாய மூடீட்டுப் படுத்திருக்க முடியலீங்க. நாளைக்கு நான் வரல."

ஸ்ட்ரெச்சர் வந்ததும் தலையணைகளை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தேன். அன்றையது போக இன்னும் பதினாறு முறை மீதி இருந்தது.

பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை காலை, பாய் கடை திறக்கும்போதே வாசலில் நின்றேன்.

"பழைய டயர் நாலும் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. இது ஏதாவது சத்தம் போடுதா?"

"இல்லீங்க. சத்தமே இல்ல."

"அப்புறம் ஏனுங்க?"

"ஊட்டுக்காரிக்கு அந்தச் சத்தம் வேணுங்க."

பாய் ஆளைக் கூப்பிட்டு ஜாக்கி எடுத்து வரச் சொன்னார். பழையதைக் கொடுத்த விலைக்கே திருப்பிக் கொடுத்தார். மாட்டும் கூலி வேண்டாம் என்றார். நான் கொடுத்துவிட்டு வந்தேன். புது டயர்கள் என் பனியன் குடோனில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் போயின.

வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றபோது டயரைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "பழசையே போட்டுட்டீங்களா?" என்றாள். "புதுசு சரியில்லை" என்றேன். "ம்" என்று சொல்லி ஏறிப் படுத்தாள். அவினாசி தாண்டியதும் உறுமல் தொடங்கியது. நான் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் என்ன நடந்தது என்று கேட்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. பதினாறு முறையும் அப்படியே போய் வந்தோம். இருபத்தைந்தும் முடிந்தது.

டயர் நான்குக்குப் பதினைந்தாயிரத்து நானூறு. மாட்டும் கூலி முதல் நாள் நாற்பது, மறுநாள் நூற்றிருபது, மூன்றாம் நாள் நூற்றறுபது. மொத்தம் பதினைந்தாயிரத்து எழுநூற்று இருபது ரூபாய்.