அண்ணியின் ஜெர்மன்காரன்

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் வீட்டின் உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் வரும். டிக். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்து அந்த நேரத்தில் மொத்தமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். ரிக்‌ஷாக்காரர் தன் வண்டியிலேயே சுருண்டிருப்பார். இனிப்புக் கடைக்காரர் விசிறியை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு கண்ணயர்ந்திருப்பார். ஜன்னல் சட்டங்களின் இடுக்கு வழியாக வந்த வெயில் தரையில் கோடுகோடாகப் படுத்திருக்கும். அந்த அமைதிக்குள் நிமிடத்துக்கு ஒரு டிக். அண்ணி சுவரில் ஒட்டிய கறுப்பு வட்டத்தைப் பார்த்து ஒற்றைக் கையை நீட்டி, குண்டில்லாத பிஸ்டலால் சுட்டுப் பழகுகிறார் என்று அர்த்தம். பாதித் தூக்கத்தில் கேட்கும்போது, வீட்டுக்கே ஒரு நாடி இருந்து அது மிக நிதானமாகத் துடிப்பதுபோல எனக்குத் தோன்றும்.

அண்ணி, என் அண்ணனின் மனைவி. கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். துப்பாக்கி சுடுதலில் வாங்கிய பதக்கங்களின் பேரில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் சேர்ந்து, ஹவுராவில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்தவர். அண்ணனுக்குத் துறைமுகத்தில் வேலை. அப்பா மாற்றலில் கல்கத்தாவுக்கு வந்து, ஊர் திரும்ப மறந்துபோனதால் நாங்கள் இங்கேயே பிறந்தவர்கள். நான் அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில், ஆயுத உரிமப் பிரிவில் முப்பத்துச் சொச்சம் ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றேன். துப்பாக்கியை எப்படி வாங்குவது, எப்படிக் கொண்டுபோவது, உரிமையாளர் செத்துப்போனால் யார் எங்கே ஒப்படைப்பது, எதற்கு எந்தப் படிவம், எத்தனை நகல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சுட மட்டும் தெரியாது. அண்ணியின் கோப்பு என் பிரிவுக்கு வந்த அன்று நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். உறவினர் கோப்பை உறவினர் தொடக் கூடாது. கோப்பைத் தொடாமல் காப்பாற்றிய பெருமை எனக்கு உண்டு. தொடக் கூடாத வேறொன்றைப் பிறகு தொட்டேன்; அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பிஸ்டல் ஜெர்மனியிலிருந்து வந்தது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்களுக்கு விளம்பரம் தேவைப்படுவதாகத் தெரியவில்லை. வீட்டில் அதற்குப் பெயர் ஜெர்மன்காரன். பூட்டிய இரும்பு அலமாரிக்குள், கறுப்புப் பெட்டிக்குள், சாம்பல் நிறப் பஞ்சுக்குள் அவன் படுத்திருப்பான். விலை அண்ணியின் பல மாதச் சம்பளம். அதற்குப் பிறகு வீட்டில் எது வாங்கினாலும் அண்ணன், "ஜெர்மன்காரன் சரின்னு சொல்லிட்டானா?" என்று கேட்பான்.

என் கவுண்டருக்கு வரும் சுடுபவர்கள் தங்கள் கம்பெனிக்காகச் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் ஆஸ்திரியா என்பார், இன்னொருவர் சுவிட்சர்லாந்து என்பார். கால்பந்துக் கழகங்களுக்காக இந்த ஊரில் நடக்கும் சண்டையில்கூட அத்தனை கசப்பு இருக்காது. அவ்வளவு பணம் கொடுத்தவன் அது மட்டமானது என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டான், இதுதான் விசுவாசம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அண்ணியிடம் சொன்னேன். "அப்படின்னா உங்க அண்ணனை எதுக்கு வச்சிருக்கேன்?" என்றார். "அவருக்கு நான் ஒண்ணும் குடுக்கலையே."

ஆனால் அந்தக் கைப்பிடியைப் பார்த்த பிறகு என் முடிவு கொஞ்சம் ஆடியது. வால்நட் மரம். கம்பெனி கொடுத்த வடிவத்தில் அது இல்லை. அண்ணி அதை வருடக்கணக்கில் அரம் வைத்து ராவி, குழிந்த இடங்களில் மரத்தூள் பசை அப்பி, காயவைத்து, மறுபடி ராவியிருந்தார். சுண்டுவிரல் போய் உட்கார ஒரு பள்ளம், உள்ளங்கையின் மேட்டுக்கு ஒரு மேடு. அவர் கை நுழைந்ததும் எது மரம், எது கை என்று தெரியாது. கண்ணை மூடிக் கையைத் தூக்கினாலும் முனை இலக்குக்கு நேராகவே போய் நிற்கும். வேறு கம்பெனியின் பிஸ்டல் வேறு கோணத்தில் சாய்ந்திருக்கும். மணிக்கட்டுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். ட்ரிகரும் அப்படித்தான். முதலில் லேசாக உள்ளே வரும், பிறகு ஒரு சுவரில் முட்டி நிற்கும். அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு காத்திருக்க வேண்டும் என்பார் அண்ணி. "எப்ப விழும்னு எனக்கே தெரியக் கூடாது, தம்பி. தூக்கம் வர்ற மாதிரி. வந்துச்சான்னு பார்த்தா வராது."

சம்பவம் நடந்த வருடம் அண்ணிக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. டெல்லியில் ரயில்வே அணிக்கான தேர்வு, விஜயதசமிக்கு மூன்றாம் நாள். அந்த முறை இடம் கிடைக்காவிட்டால் பயிற்சிக்காக அலுவலகம் கொடுத்துவந்த அரைநாள் சலுகை நின்றுவிடும் என்று மேலதிகாரி எழுத்தில் கொடுத்திருந்தார். அண்ணி அதைப் பற்றிப் பேசவே இல்லை. உள்ளறையின் டிக் மட்டும் அடிக்கடி கேட்கத் தொடங்கியது.

இந்த ஊரில் துர்கா பூஜையின் நவமியன்று தெருவெல்லாம் பந்தல் பந்தலாக அலையும். நாங்கள் வீட்டுக்குள் ஆயுத பூஜை செய்துகொண்டிருப்போம். லேக் மார்க்கெட்டில் பொரி, கடலை, வாழையிலை எல்லாம் கிடைக்கும். தையல் மிஷின், அரிவாள்மணை, அண்ணனின் ஸ்பானர் பெட்டி, என் பேனாக்கள் எல்லாவற்றையும் சரஸ்வதி படத்தின் முன் வரிசையாக வைத்தோம். அண்ணி ஜெர்மன்காரனைப் பெட்டியோடு வைத்தார். பெட்டியின் மூடிமேல் தானே சிறிதாகச் சந்தனமும் குங்குமமும் இட்டார். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்கள் "பௌதி, பௌதி" என்று கூப்பிட, அவர்களோடு பந்தலுக்குப் புஷ்பாஞ்சலிக்குப் போனார். வங்காளிகளுக்கும் அண்ணி அண்ணிதான். முழுச் சந்துக்கும் அவர் பௌதி. பெட்டியைப் பூட்டாமல் போனது விதிமீறல். காவலுக்கு நான் இருக்கிறேன் என்ற நம்பிக்கை.

மற்ற சாமான்களுக்குப் பொட்டு வைப்பது என் பொறுப்பு. வைத்துக்கொண்டே வந்தவன் பெட்டி அருகில் நின்றேன். பூஜை கருவிக்கா, உறைக்கா? தையல் மிஷினுக்கு மூடியைக் கழற்றித்தானே வைக்கிறோம்? முறை என்று ஒன்று இருக்கிறதே. பெட்டியைத் திறந்தேன். குழலில் ஒன்று, கைப்பிடியில் ஒன்று. வேலை செய்யும் உறுப்பு அதுதானே என்று ட்ரிகரில் தாராளமாக ஒன்று. கல்லில் இழைத்த சந்தனம், கொஞ்சம் நீர்த்திருந்தது. மூடினேன். மேலே ஒரு செவ்வந்தி வைத்தேன். திருப்தியாக இருந்தது. மறுநாள் காலைப் பூஜை முடியும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். சந்தனத்துக்கு ஓர் இரவு முழுக்கக் கிடைத்தது.

தசமி காலையில், பூஜை முடிந்ததும், இன்னும் விளக்குப் போடாத உள்ளறையிலிருந்து ஐந்தாறு டிக் கேட்டது. பிறகு நின்றது.

"தம்பி, இங்க வாங்க."

மேசைமேல் செய்தித்தாள் விரித்து அதன்மேல் அவனைப் படுக்கவைத்திருந்தார். மஞ்சள் வட்டங்கள் காய்ந்து வெடித்திருந்தன.

"யார் வேலைன்னு கேட்க மாட்டேன். ஆபீஸ் சீல் மாதிரி நட்டநடுவுல குத்தியிருக்கு."

"அண்ணி, தையல் மிஷினுக்கு எப்படி..."

"தையல் மிஷின் டெல்லிக்குப் போகலை, தம்பி."

அண்ணன் எட்டிப் பார்த்தான். "துறைமுகத்துல கிரேனுக்கே பொட்டு வைக்கிறோம். அது பாட்டுக்குத் தூக்குது" என்றான். யாரும் சிரிக்காததால் போய்விட்டான்.

மாலையில் ரயில். சந்தனம் இழைக்கும்போது கல்லும் கொஞ்சம் கரைந்து வருகிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் கல்தூள் உள்ளே போய், தெரியாமல் இழுத்த ஐந்தாறு இழுப்பில் எதையோ அரைத்திருந்தது. அண்ணியோடு தேர்வுக்குப் போகும் தோழி ஒருத்தி, தன்னிடம் மாற்று பிஸ்டல் இருப்பதாகவும் மைதானத்தில் அதை வாங்கிச் சுடலாம் என்றும் தொலைபேசியில் சொன்னாள். இத்தாலிக்காரன்; விலையிலும் பெயரிலும் குறைந்தவன் இல்லை.

"ஒரு நாளைக்குத்தானே அண்ணி? விதிப்படியும் தப்பில்லை."

"உங்க கையைக் கழற்றி வச்சிட்டு, பக்கத்து சீட்டு பாபு கையை மாட்டிவிட்டா நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?"

சுடுபவர்களின் பிஸ்டல்களைப் பழுதுபார்க்கும் மிஸ்திரி ஒருவர் ஹவுராவில் இருந்தார். பூஜைக்கு விடுமுறை, ஆனால் வீடும் பட்டறையும் ஒன்றுதான். உரிமத்தை எடுத்துக்கொண்டு படகில் ஹூக்ளியைக் கடந்தோம். அந்தக் காலை இன்னும் எனக்குக் கனவுபோலவே வருகிறது. ஆறு சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. எங்கோ கண்ணுக்குத் தெரியாத கரையில் தாக் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பனிப்புகைக்குள் பாலம் பாதிதான் இருந்தது. அண்ணி பெட்டியை மடியில் வைத்துத் தண்ணீரையே பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்க மூன்று வாக்கியங்கள் தயாரித்தேன். மூன்றும் மனுபோல இருந்ததால் கேட்கவில்லை.

மிஸ்திரி வீட்டு வாசலில் பெண்கள் தேவிக்கு விடைகொடுத்து ஒருவர் முகத்தில் ஒருவர் குங்குமம் பூசிக்கொண்டிருந்தார்கள். பௌதி வந்ததும் அவர் கன்னத்திலும் அப்பினார்கள். சிவந்த முகத்தோடு அண்ணி பெட்டியைத் திறந்தார். மிஸ்திரி குனிந்து பார்த்தார், முகர்ந்தார்.

"எட்டா கீ, பௌதி? ஷந்தேஷ் நாகி?" இதென்ன, சந்தேஷ் மிட்டாயா என்று கேட்டார்.

இரண்டு மணி நேரம் ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, பல்துலக்கும் தூரிகையால் துடைத்து, எண்ணெய் விட்டுப் பூட்டினார். தானே இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு அண்ணியின் முகத்தைப் பார்த்தார். அண்ணி வாங்கி, சுவரில் இருந்த பல்லியைக் குறிபார்த்து ஒரே ஒரு முறை இழுத்தார். கொஞ்ச நேரம் கையை இறக்கவில்லை. பிறகு, "டீக் ஆச்சே" என்றார். சரியாக இருக்கிறதாம். எனக்கு மூச்சு வந்தது.

டெல்லியில் ஓர் இடம் வித்தியாசத்தில் அணி தவறிப்போனது. திரும்பி வந்த அன்று ஹவுரா நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவே அவர் பையை வாங்கிக்கொண்டே கேட்டேன்.

"சந்தனமா, அண்ணி?"

"இல்ல தம்பி. அவன் சரியாத்தான் இருந்தான். நான்தான் அவசரப்பட்டு இழுத்துட்டேன்."

சலுகை நின்றது. அண்ணி முழுநேரமும் பார்சல் பிரிவில் உட்கார்ந்தார். டிக் சத்தம் ஞாயிற்றுக்கிழமைக்குச் சுருங்கியது. அந்த ஒரு பதிலை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். நல்ல கருவியின் சூட்சுமம் இதுதான், யார்மேலும் பழிபோட விடாது, தோற்றால் நீதான் தோற்றாய் என்று சொல்லிவிடும், அதனால்தான் இவர்கள் ஒரே கம்பெனியைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று கவுண்டரில் பலருக்கும் விளக்கியிருக்கிறேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். உரிமம் வாங்க வந்தவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள்.

போன குளிர்காலத்தில் அண்ணி ஜெர்மன்காரனை விற்றார். தோள்பட்டை இனிமேல் தாங்காது. வாங்க வந்தவள் ரயில்வேயிலேயே வேலை பார்க்கும் வங்காளிப் பெண். உரிமை மாற்றும் படிவங்களை நான்தான் தயாரித்தேன். பழுதே கண்டுபிடிக்க முடியாத படிவங்கள். கையெழுத்துக்கு முன் அவள் சுடும் மைதானத்தில் ஐந்து குண்டு சுட்டுப் பார்த்தாள். நாங்கள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது குண்டுக்குப் பிறகு திரும்பினாள்.

"திதி, ட்ரிகர் உள்ளே வரும்போது ஓர் இடத்தில் மணல்போல லேசாக உரசுகிறதே?" என்று வங்காளத்தில் கேட்டாள். திதி என்றால் அக்கா.

"ஆமா, உரசும்" என்று அண்ணியும் வங்காளத்திலேயே சொன்னார். "ரொம்ப வருஷமா உரசுது. அந்த இடத்துல மூச்சை நிறுத்திக்கோ, அப்புறம் நேராப் போகும்."

"கம்பெனிக்கு அனுப்பியிருந்தால் புதிதாக மாற்றிக் கொடுத்திருப்பார்களே? இவர்கள் சும்மாவே செய்வார்கள்."

"செய்வான். அனுப்புறதுக்குப் படிவம்கூட வாங்கி வச்சேன்." அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. "பழுதுக்குக் காரணம்னு அதுல ஒரு கட்டம் இருந்துச்சு. அதுல என்ன எழுதறதுன்னு தெரியல. விட்டுட்டேன்."

நான் மடியில் இருந்த தாள்களைப் பார்த்தேன். ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காக என் மேசையிலிருந்து திருப்பி அனுப்பிய மனுக்கள் எத்தனை இருக்கும்? கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

"அண்ணி, அப்படின்னா அன்னைக்கு டெல்லியில..."

"நான்தான் இழுத்துட்டேன்னு அன்னைக்கே சொன்னேனே, தம்பி. பேசாம இருங்க. பாவம், அந்தப் பொண்ணு குறிபார்க்குது."

அவள் கையைத் தூக்கினாள்.