சிப்பாயின் கண்

கணபதி என்ற ஊரில் ஒரு ஸ்டுடியோவில் பழைய போட்டோக்களைச் சரிசெய்வது என் வேலை. படிப்பு அஞ்சாவதோடு நின்றுவிட்டது. கம்ப்யூட்டரைப் பக்கத்தில் நின்று பார்த்தே பழகினேன். வருகிறவை பெரும்பாலும் இறந்தவர்களின் படங்கள். சில வீடுகளில் உயிரோடு எடுத்த படமே இருக்காது. இறந்தபின் நாற்காலியில் சாய்த்து வைத்து எடுத்த கடைசிப் படத்தைக் கொண்டுவந்து, "கண்ணை மட்டும் திறந்து உட்டுருங்க" என்பார்கள். திறந்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூலி இல்லாத வேறு வேலை. வரலாற்றுப் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் சர்ச் முடிந்து வருவார். பழைய போர்க் காட்சிகளின் அச்சுப் படங்களைச் சேர்த்து வைத்திருப்பவர். அவற்றை ஸ்கேன் செய்து தருவார். பூஞ்சைக் கறை, மடிப்பு, கிழிசல் எல்லாவற்றையும் நான் எடுத்துக் கொடுத்ததும் இணையத்தில் போடுவார். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அவர் வைத்த ஒரே சட்டம், அச்சில் இல்லாத ஒரு கோடுகூட வரக்கூடாது.

ஒரு கோட்டை முற்றுகைப் படத்தில் புகையையும் பூஞ்சையையும் பிரிக்கவே மூன்று ஞாயிறு போனது. பீரங்கிச் சக்கரத்தருகே விழுந்து கிடந்த சிப்பாயின் முகத்திலும் ஒரு கறை. படம் இணையத்தில் ஏறியதும் டீச்சர் சொன்னார்: "தம்பி, அந்தச் சிப்பாய் நம்மளையே பாக்கறானுங்க. என்ன கைங்க உங்களுக்கு!" நான் தலையைக் குனிந்துகொண்டேன். வீடு போய்ச் சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

அந்த வாரமே ஒருவர் தன் அப்பாவின் கடைசிப் படத்தோடு வந்தார். வழக்கம்போல இமையை அழித்துக் கருவிழி வைக்கும்போது கை நின்றுவிட்டது. சிப்பாய்க்கும் இதைத்தானே செய்தேன்? அவர் போனதும் பழைய ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறைக்கு அடியில் மெல்லிய கோடு ஒன்று. மூடிய இமை.

யாருக்கும் தெரியாது. சொன்னால் அந்தப் பாராட்டு போய்விடும். ஒருவேளை ஞாயிற்றுக்கிழமை வேலையும் போய்விடும். சொல்லாவிட்டால் நான் வைத்த கண்ணோடு அவன் ஊரெல்லாம் போவான்.

அடுத்த ஞாயிறு டீச்சர் வந்ததும் இரண்டு படங்களையும் திரையில் அருகருகே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அவர் திரையருகே குனிந்து இரண்டு முகங்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நான் மெச்சுனதே இந்தக் கண்ணைத்தானுங்களே" என்றார். பிறகு சிரித்துவிட்டார். "உங்ககிட்ட உட்டா போர்க்களத்துல ஒருத்தனும் சாகமாட்டானுங்க. அத்தனை பேரையும் எழுப்பிப்போடுவீங்க!"

"சரிபண்ணித் தாரேனுங்க டீச்சர்."

"பண்ணுங்க. ஆனா முன்னாடியே எடுத்தவங்களுக்கும் தெரியோணுமல்லங்க? படத்துக்குக் கீழ எழுதிப்போடலாம். நீங்களே எழுதுங்க."

எழுதினேன். 'முன்பு போட்ட படத்தில் சிப்பாயின் கண் திறந்திருந்தது. அது நான் வரைந்தது. அச்சில் கண் மூடியிருக்கிறது.' இதற்கே அரைமணி நேரம் ஆனது. டீச்சர் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

பிறகு கண்ணை மூட உட்கார்ந்தேன். இத்தனை வருஷமும் திறக்கச் சொல்லித்தான் ஆட்கள் வந்தார்கள், மூடச் சொல்லி ஒருவரும் வந்ததில்லை. திறக்கக் கால்மணி போதும். மூடி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.