நான் உட்காராத சஹன்

முதலில் தெரிந்தது இரத்தம். மூலம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இறைச்சியை நிறுத்தினேன், உறைப்புக்குப் போடும் கொச்சிக்காயைக் குறைத்தேன், வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். மனைவி ஹபீபாவிடம் சொல்லவில்லை. நான் சாரனை ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றிக் கட்டுவதைக் கண்டு அவளாகவே கேட்டாள்: "என்ன, ஆள் உருகிப் போறீங்க?"

கொலொனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகச் சிறு கமெராவைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்தார்கள். மலக்குடலின் அடிப்பகுதியில் புற்றுநோய் இருந்தது.

நான் ஓய்வுபெற்ற நீதிமன்ற முதலியார், அதாவது மொழிபெயர்ப்பாளர். நீதிபதி விதிக்கும் தண்டனையைக் கூண்டில் நிற்பவருக்குத் தமிழில் சொல்வது என் வேலையாக இருந்தது. சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன், சுவரைப் பார்த்துச் சொல்வேன். சத்திரசிகிச்சை நிபுணர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"வெட்டினா நல்லா வருவீங்க சேர். ஆனா பின்பக்கப் பாதைய மூடணும். வயித்தில ஒரு வாய் வெச்சி, அதுக்குப் பை ஒட்டுவம்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"அது நிரந்தரம் சேர். பழகிரும்."

மயக்கம் தெளிந்த பிறகு தாதி போர்வையை விலக்கிக் காட்டினார். ஸ்டோமா (குடலின் முனையை வயிற்றுத் தோலுக்கு வெளியே எடுத்துத் தைத்த வாய்) சிவப்பாக, ஈரமாக இருந்தது. தானாக அசைந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன், வலியும் இல்லை, உணர்வும் இல்லை. என்னைக் கேட்காமல் இயங்கும் ஓர் இடம் என் வயிற்றில் வந்துவிட்டது.

நோய் மிச்சமில்லை என்று பரிசோதனைகள் சொன்னபோது அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். ஆனாலும் வீட்டின் பின்னறையை விட்டு நான் வெளியே வரவில்லை. காரணம் வலியல்ல, சத்தம். பைக்குள் காற்று வரும்போது அது கதைக்கும். எப்போது கதைக்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தொழுகைக்கும் புதிதாக வுழூச் செய்து, அதாவது கைகால் முகம் கழுவித் தூய்மை செய்துகொண்டு, தொழலாம், உங்களைப் போன்றவர்களுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்று மௌலவி தெளிவாகச் சொன்னார். அந்தச் சலுகையை எடுத்துக்கொண்டு அறைக்குள்ளேயே தொழுதேன். பள்ளிவாசலின் அமைதியில், ஸஃப் வரிசையில் தோளோடு தோள் நிற்கும்போது அது வாய் திறந்தால் என்ன செய்வேன்?

கிளினிக்கில் இருந்த தாதி எங்களைப் போன்றவர்களை ஒன்றுசேர்த்துக் கைத்தொலைபேசியில் ஒரு குழுமம் தொடங்கித் தந்தார். சாய்ந்தமருதிலிருந்து திருக்கோவில் வரை, கரையோரத்து ஊர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அங்கே பெரிய விடயங்கள் எதுவும் பேசப்படுவதில்லை. சாரனை வாய்க்கு மேலே கட்டுவதா, கீழே கட்டுவதா? முருங்கையிலை சாப்பிட்டால் பை ஊதுகிறதே, உங்களுக்கும் அப்படியா? பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்தால் அடுத்தவர் முழங்கை படாது. இந்த மாதமும் பை வந்து சேரவில்லை, என்ன செய்வது? இப்படித்தான்.

குழுமத்தைக் கலகலப்பாக வைத்திருந்தவர் றிஸ்வி. சாய்ந்தமருதில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், நாற்பது வயதுக்காரர். குடலில் ஓட்டை விழுந்து, அது ஆறும்வரை சிறுகுடலில் வாய் வைத்திருந்தார்கள். எங்கள் பகுதியில் மணமகன் பெண் வீட்டுக்குக் குடிவருவதுதான் வழக்கம். றிஸ்வி தன் பைக்கு "மருமகன்" என்று பெயர் வைத்திருந்தார்.

"வீட்டோட வந்திட்டான் சேர். சோறு வெச்ச உடனே சத்தம் போடுவான். போ எண்டு சொல்லவும் ஏலா."

திருக்கோவிலில் இருந்து யோகேஸ்வரி அக்கா பதில் குரல் அனுப்புவார்: "தம்பி, உங்கட மருமகன் பரவால்ல. என்ட ஆள் கோயிலுக்குள்ள போனாத்தான் வாய் திறக்கும்."

நான் சிரித்ததில்லை. நான் ஆலோசனை சொல்பவனாக இருந்தேன்.

ஆங்கிலத்தில் வெளிநாட்டு நோயாளிகள் எழுதியவற்றை வாசித்து மொழிபெயர்த்துப் போடுவேன். முதலில் "ஒரு வெளிநாட்டு நோயாளி இப்படிச் சொல்கிறார்" என்றே எழுதினேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. "அவனுக்கென்ன, குளிர் நாடு" என்றார் றிஸ்வி. ஒருநாள் "நான் இப்படிச் செய்தேன்" என்று எழுதினேன். உடனே நன்றிகள் வந்து குவிந்தன. முதலியார் சேரைப் பாருங்கள், இந்த வயதில் எவ்வளவு தைரியம் என்றார்கள்.

சாட்சி "நான் கண்டேன்" என்றால் முதலியாரும் "நான் கண்டேன்" என்றே சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தில் வந்துவிட்டது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிப் பார்த்தேன். அது சரியல்ல. நீதிமன்றத்தில் இருக்கும் எல்லோருக்கும் அந்தச் சொல் சாட்சியுடையது என்று தெரியும். குழுமத்தில் ஒருவருக்கும் தெரியாது. கொஞ்ச நாளில் நான் கடற்கரையில் நடப்பவனாகவும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிறவனாகவும், கல்யாண வீடுகளில் சாப்பிடுபவனாகவும் ஆகிவிட்டேன். எல்லாம் பின்னறைக் கட்டிலில் படுத்தபடி.

நான் குரல் பதிவு செய்வதை ஹபீபா கேட்டுக்கொண்டு நின்றாள்.

"இஞ்சேருங்க, நீங்க எப்ப கடற்கரைக்குப் போன? வாசக் கதவ நான்தானே திறந்து பூட்டுற?"

"ஆக்களுக்குக் கொஞ்சம் தைரியம் குடுக்கிறன் புள்ள."

"ஓம், குடுங்க. மிச்சம் இரிந்தா நீங்களும் கொஞ்சம் வெச்சிக்கங்க."

கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

பிறகு றிஸ்வியின் கேள்வி வந்தது. அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் சஹனில் தாய்மாமன் உட்கார வேண்டும் என்று தங்கை பிடிவாதம் பிடிக்கிறாள். சஹன் என்பது எங்கள் விருந்துகளில் வைக்கும் பெரிய தட்டம். பாயில் ஆறு பேர் அதைச் சுற்றிச் சம்மணமிட்டு இருந்து, ஒரே சோற்றை ஆளுக்கொரு பக்கமாகச் சாப்பிடுவோம். அறுவரும் முடிக்கும்வரை ஒருவரும் எழும்புவது மரியாதை இல்லை.

"சேர், சஹன்ல குந்தலாமா? கால மடிச்சி முன்னுக்குச் சரிஞ்சா மருமகன் நசிவானே?"

"தாராளமாக உட்காருங்கள்" என்று எழுதினேன். "போன கிழமைகூட ஒரு வலீமாக் கல்யாண விருந்தில் நான் சஹனில் இருந்து வயிறாரச் சாப்பிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை."

நான் வாசித்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் கதிரையில் நிமிர்ந்திருந்து தனித் தட்டில் சாப்பிடுகிறவர்கள். அது அப்போது என் மூளையில் ஏறவில்லை.

அந்தக் கல்யாண வீட்டில் நடந்ததை றிஸ்வியின் மனைவி பௌசியா பிறகு சொன்னார். சோற்றுக்கு எட்டிக் குனிந்து குனிந்து பை நசிந்திருக்கிறது. அது நிறைவது தெரிந்தும், மாப்பிள்ளை இன்னும் சாப்பிடுகிறாரே என்று றிஸ்வி எழும்பாமல் இருந்திருக்கிறார். தோலில் ஒட்டும் தட்டு விளிம்பில் கழன்று, எல்லாம் பாயில் ஓடிவிட்டது. யாரும் ஏசவில்லையாம். ஆனால் சபை முழுக்க ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தியதாம்.

றிஸ்வி ஒரு வார்த்தையும் சொல்லாமல் குழுமத்தை விட்டு விலகினார். நான் அவரை அழைத்துக் கேட்கவில்லை. வேலையாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, நினைக்க விரும்பினேன்.

இரண்டு கிழமை கழித்து பௌசியா அழைத்தார். றிஸ்வி மயங்கி விழுந்து வைத்தியசாலையில் இருக்கிறார். பை நிறையக் கூடாது என்று சாப்பாட்டை விட்டிருக்கிறார், தண்ணீரையும் விட்டிருக்கிறார். சிறுகுடலில் வாய் உள்ளவர்களுக்கு உடம்பின் நீரும் உப்பும் வெளியே போய்க்கொண்டே இருக்கும். குடிக்காவிட்டால் சிறுநீரகம் தாங்காது. சேலைன் (இரத்த நாளம் வழியாக ஏற்றும் உப்புநீர்) ஏறிக்கொண்டிருந்தது. வாயால் குடிக்கத் தொடங்காவிட்டால் ஆபத்து என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"நீங்க வந்து ஒருக்காக் கதைங்க சேர்" என்றார் பௌசியா. "உங்களத்தான் அவரு நம்புவாரு. உங்களப் போல இரிக்கச் சொல்லுங்க."

என்னை யாரும் குற்றம் சொல்லவில்லை. உண்மையை நான் சொல்லாமலே விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஹபீபாவிடம் சொன்னேன். அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினாள், என் கால்சட்டையை எடுத்துத் தந்தாள், தானும் அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்து ஏறினாள்.

கிளினிக்குக்கு அல்லாமல் வேறோர் இடத்துக்கு நான் போன முதல் பயணம் அது. வேகத்தடையில் ஆட்டோ குலுங்கும் போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

றிஸ்வி பாதியாக இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். எனக்கு முன்னுரை எதுவும் வரவில்லை.

"றிஸ்வி, நான் சஹனுக்குப் போகல்ல."

"எந்தச் சஹனுக்கு?"

"எந்தச் சஹனுக்கும். வெட்டினத்துக்குப் பொறகு ஒரு கல்யாண வீட்டுக்கும் போகல்ல. பள்ளிக்கும் போகல்ல. அதெல்லாம் புத்தகத்தில, போன்ல வாசிச்சது."

"கடற்கரை?"

"அதுவும் பொய்தான்."

"நான் வீட்ட வந்து என்ன நெனச்ச தெரியுமா சேர்? எழுவது வயசு மனிசனுக்கு ஏலுது, எனக்கு ஏலல்ல, நான் ஒரு மனிசனா எண்டு நெனச்சன். எல்லாருக்கும் ஒழுங்கா நடக்கிது, என்ட உடம்புதான் நாசமாப் போன உடம்பு எண்டு நெனச்சன். இத நீங்க அண்டைக்கே சொல்லிரிந்தா!"

"மன்னிச்சிக்கங்க" என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த வாட்டில் மற்ற நோயாளிகளும் பேச்சை விட்டிருந்தார்கள்.

அப்போது என் பை கதைத்தது. நீளமாக, ஒரு கதிரையைச் சீமெந்துத் தரையில் இழுப்பது போல. அவ்வளவு காலம் நான் எதற்குப் பயந்து ஒளிந்திருந்தேனோ, அது ஆட்கள் நிறைந்த வாட்டின் நடுவில் நடந்தது.

றிஸ்வியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். மெல்லத் திரும்பினார்.

"யா அல்லாஹ்! சேர், உங்கட மருமகன் என்ட மருமகனவிடப் பெரிய சண்டியனா இரிக்கானே!"

முதலில் சிரித்தது ஹபீபாதான். பிறகு பௌசியா. எதிர்க்கட்டிலில் இருந்தவருக்கு விடயம் விளங்கவில்லை, அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் றிஸ்வி தண்ணீர்ப் போத்தலைக் கேட்டார். ஒரு மிடறு, பிறகு இன்னொரு மிடறு. "மன்னிக்கிறத்த நான் பொறகு யோசிக்கிறன்" என்றார் என்னிடம். அது நியாயம்தான்.

வீட்டுக்கு வந்து குழுமத்திலும் உண்மையை எழுதினேன். அன்று முழுவதும் ஒருவரும் பதில் போடவில்லை. நிந்தவூர்க்காரர் ஒருவர் விலகிப் போனார், இன்றுவரை திரும்பி வரவில்லை. மறுநாள் யோகேஸ்வரி அக்காவின் குரல் வந்தது: "எனக்குச் சந்தேகம் இருந்த சேர். இந்தப் பங்குனி வெயிலுக்கு எங்க எல்லாருக்கும் வேர்த்து வேர்த்துத் தட்டுக் கழருது. உங்களுக்கு மட்டும் ஒரு நாளும் வேர்க்கல்லயே!"

அதற்குப் பிறகு எங்கள் குழுமத்தில் முறைப்பாடுகள் கூடிவிட்டன. எங்கே கழன்றது, எங்கே ஒழுகியது, யார் முன்னால் வெட்கப்பட்டேன் என்பதையெல்லாம் எழுதுகிறோம். அதை வாசிக்க எனக்கு ஆறுதலாக இருக்கிறது. றிஸ்வியும் திரும்பி வந்துவிட்டார். அவருக்குக் குடலை மறுபடி இணைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இதை வாசிக்கும் நீங்களும் வயிற்றில் பையோடு இருந்தால், நான் செய்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன். விருந்துக்கு இருக்கும் முன் பையை வெறுமையாக்குங்கள். பாயில் இருப்பதென்றால் கீழே ஒரு சிறு பலகை போட்டு உயர்ந்து இருங்கள், வயிறு மடியாது. பக்கத்தில் இருப்பவரிடம் முதலே சொல்லிவிடுங்கள். எதற்காகவும் தண்ணீரை நிறுத்தாதீர்கள். தலைசுற்றினால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். உங்களுக்கு ஆலோசனை சொல்கிறவரிடம், "நீங்கள் இதைச் செய்தீர்களா?" என்று ஒருமுறை கேளுங்கள்.

போன மாதம் கல்முனையில் ஓர் உறவினர் வீட்டு வலீமாவுக்குப் போனேன். றிஸ்வி என் பக்கத்தில் இருந்தார். மற்ற நால்வரிடமும், "எனக்குப் பை இருக்கி, நடுவில எழும்புவன்" என்று சொன்னேன். முன்பின் தெரியாத ஒருவர், சொந்த அண்ணனை அழைப்பது போல, "எழும்புங்க காக்கா, அதுக்கென்ன" என்று சோற்றை என் பக்கம் தள்ளிவிட்டார்.

பாதிச் சாப்பாட்டில் இடுப்பில் அந்தச் சூடும் பாரமும் தெரிந்தன. முன்பென்றால் மணிக்கூட்டையும் மற்றவர்களின் கையையும் பார்த்துக்கொண்டு தாமதித்திருப்பேன். என் நேரம் எப்போதும் பிறருடைய நேரமாகவே இருந்தது. இப்போது உடம்பு சொன்னது, நான் எழும்பினேன். குளியலறையில் அவசரப்படாமல் பையை வெறுமையாக்கி, கழுவி, சரிபார்த்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஐந்து பேரும் கையை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். தட்டத்தில் என் பக்கத்துச் சோறு விட்டபடியே இருந்தது.

"கெதியா இருங்க சேர்" என்றார் றிஸ்வி. "உங்கட பக்கத்து இறைச்சியப் பாத்துக் கொண்டிரிக்க எனக்கு ஏலா."

பிஸ்மி சொல்லி மறுபடியும் கை வைத்தேன்.