மஞ்சள் பட்ட மேகம்

என் மருமகள் புஷ்பவல்லியைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு எழுதத் தெரியாது. சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது.

தொண்ணூற்றெட்டில் தை முடிந்ததும் டெக்சாஸுக்கு, காப்பெல்லில் இருக்கும் மகன் சபரிநாதன் வீட்டுக்குப் போனேன். புஷ்பவல்லி ஊரில் பேங்க்கில் வேலை பார்த்தவள். அங்கே அவளுடைய விசாவுக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. வீடு, கார், டெலிபோன் எல்லாம் அவன் பேரில். அபார்ட்மென்ட்டில் அவள் சபரியின் வொய்ஃப். வெள்ளைக்காரர்களுக்கு வெறும் புஷ். அதற்கெல்லாம் அழுகிற ஆள் இல்லை. தெரிந்தவர்களுக்கு பிளவுஸ் தைத்துக் கொடுப்பாள். மிஞ்சும் வெட்டுத்துணியை நிறம் நிறமாகப் பிரித்து டப்பாக்களில் அடைப்பாள்.

அந்த வருஷம் லைப்ரரியில் குவில்ட் கண்காட்சி என்று நோட்டீஸ் வந்தது. மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்துத் தைத்தால் அதுதான் குவில்ட். செய்தவர் பெயரை அட்டையில் எழுதிப் பக்கத்தில் மாட்டுவார்களாம். அந்த அட்டைக்காகவே மூன்று மாதம் உட்கார்ந்தாள். பங்குனியில் ஃப்ரீவே ஓரம் நீலப்பூ பூத்துக் கிடக்குமே, அதைத்தான் தைத்தாள். ரோட்டுக்கு சபரியின் பழைய பேன்ட். பூவுக்கு மயில்கழுத்து நிறப் பட்டு, நகத்தளவு நறுக்கி நூற்றுக்கணக்கில். வானத்துக்கு லைனிங் துணி, வெளிர்நீலத்திலேயே ஆறு விதம். மேகத்துக்கு வெள்ளை வாயில் துணி. வானத்தில் கொஞ்சம் ஜரிகை வை, எடுப்பாக இருக்கும் என்றேன். கேட்கவில்லை. போகட்டும்.

கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய சனிக்கிழமை காலை அவள் குளிக்கப் போனாள். புதுத்துணி மஞ்சள் வைக்காமல் வாசல் தாண்டலாமா? மூலையில் வைத்தேன். அந்த மூலையில் மேகம் இருந்தது என் குற்றமா?

வந்து பார்த்தவள் ஈரத்துணியில் சோப்பைத் தொட்டுத் தேய்த்தாள். மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும்? மேகம் ஆரத்தித் தட்டு மாதிரி சிவந்துவிட்டது.

"அத்தை, அஞ்சு மணிக்கு க்ளோஸ் பண்ணிருவாங்க. என் பேரு எங்கயாவது ஒரு இடத்துல இருக்கட்டும்னுதானுங்க செஞ்சேன்."

"எலுமிச்சம்பழம் எடு. வெயில் இருக்குது. உன் பேர நான் கெடுக்க மாட்டேன்."

சாறு விட்டதும் சிவப்பு மறுபடி மஞ்சளானது. அந்த மூலையை மட்டும் அலசினோம். பால்கனியில் துணி காயப்போடக் கூடாதென்று அங்கே சட்டம். பார்க்கிங் ஓரத்துப் புல்லில் சபரியின் வேட்டியை விரித்து, அதன்மேல் குவில்ட்டைப் போட்டு, பக்கத்தில் நாற்காலியில் குடையோடு உட்கார்ந்தேன். அபார்ட்மென்ட் மேனேஜர் வந்து என்னவோ கேட்டான். நாலு மணிக்குக் காய்ந்துவிடும், போ சாமி என்று தமிழிலேயே சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான். ஜூன் மாத வெயில் மஞ்சளைத் தின்றுவிட்டது. மூக்கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மூக்கை வைத்து யார் பார்க்கிறார்கள்?

நாலே முக்காலுக்கு லைப்ரரி. மேஜையில் இருந்த அம்மாள் படிவத்தைப் பார்த்து, பெயர் நீளமாக இருக்கிறதே, அட்டையில் புஷ் என்று போட்டால் போதுமா என்று கேட்டாளாம். என் மருமகள் சிரித்துக்கொண்டே பேனாவை வாங்கி, அட்டையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தானே எழுதினாள். பிறகு அந்த அம்மாளை வாய்விட்டுச் சொல்லச் சொன்னாள். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. அதுவரை குவில்ட்டைக் கையிலிருந்து விடவில்லை.