கோணாமல் ஒட்டிய லேபிள்

அடுத்தவர் முகத்தைத் துடைத்தே பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு, சொந்தமாக ஒரு முகக் கிரீம் செய்து விற்க ஆசை வந்ததில் என்ன தப்பு? அழகு நிலைய வேலையை விட்டாள். சமையலறைக்குப் பின்னால் இருந்த அறைக்கு வெள்ளையடித்தாள். உரிமமும் வாங்கினாள். சொந்தப் பெயர் மறந்துபோய், தெருவுக்கே 'கிரீம் அக்கா' ஆகிவிட்டாள். காய்ச்சுவது அவள்; டப்பாவில் லேபிள் ஒட்டுவது வீட்டுக்காரர். அந்த மனிதருக்கு உலகத்தில் எது கோணினாலும் கவலையில்லை, லேபிள் மட்டும் ஒரு நூல்கூடக் கோணக் கூடாது.

உரிமம் கொடுக்கும்போதே அதிகாரி படித்துப் படித்துச் சொன்னார். "உள்ள என்னென்ன போடறீங்களோ அத்தனையும் வெளிய எழுதணும். எண்ணெய் மாறினா லேபிளும் மாறணும். யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா கடைக்காரர் மேல கை காட்ட முடியாதும்மா, நீங்கதான் பதில் சொல்லணும்." அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தலையாட்ட என்ன செலவா?

போன மாதம் சூரியகாந்தி எண்ணெய் வரத்து நின்றுபோனது. கடைக்காரர்களோ கிரீம் கேட்டு நச்சரித்தார்கள். கைவசம் இருந்தது கடலை எண்ணெய்தான். "எண்ணெய்னா எண்ணெய்தானே, இதுல என்ன வந்துச்சு?" என்றார் வீட்டுக்காரர். பழைய லேபிள் சுருளில் பாதி மிச்சம் இருந்தது. அதைத் தூக்கிப்போட இருவருக்குமே மனசு வரவில்லை. கடலை வாசனை தெரியாமலிருக்க அவள் ரோஜா வாசனையைத் தாராளமாக ஊற்றினாள். சூரியகாந்தி என்று அச்சடித்த லேபிளை அவர் அம்சமாக ஒட்டி முடித்தார்.

நேற்று மத்தியானம் பக்கத்துத் தெருத் தையல்காரி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். கடலை என்றாலே உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத மகள் அவளுக்கு.

"அக்கா, பொண்ணுக்கு மூஞ்செல்லாம் வீங்கி மூச்சு விட முடியல. உன் கிரீம்ல என்னக்கா போட்ட? லேபிளைப் படிச்சுக் காட்டிட்டேன், அதுல எதுவும் காரணமா இருக்காதுங்கறாரு டாக்டர். வேற என்ன சாப்பிட்டான்னு என்னையே குடையறாரு."

எதிரே வீட்டுக்காரர் கையை ஆட்டி ஆட்டித் தடுத்தார். "வாயத் திறக்காத! உள்ள தூக்கிப் போட்ருவாங்க!" சொன்னால் உரிமம் போகும், வழக்கு வரும், வீடு நாறும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்.

"கடலை எண்ணெய்," என்றாள். "கடலை எண்ணெய்தான் போட்டேன். சீக்கிரம் போய்ச் சொல்லுடி!"

மறுமுனையில் செருப்பு தடதடவென்று ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். திட்டட்டும், அறையட்டும், என்ன செய்தாலும் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடுதான் போனாள். தையல்காரி வார்டு வாசலில் டம்ளரும் கையுமாக நின்றிருந்தாள்.

"பொழைச்சுக்கிட்டா," என்றாள், இவள் முகத்தைப் பார்க்காமலே.

இவள் அழுதுவிட்டாள். "என்னை மன்னிச்சுடுடி. நான் பாவி."

"கிரீமை அவ மூஞ்சில தடவிவிட்டது நான்தானேக்கா." தையல்காரி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இப்ப குடிக்கத் தண்ணி குடுத்தேன். இதுல என்னம்மா கலந்திருக்கன்னு கேக்கறா."