தலைகீழாகத் தொங்கிய மனிதன்

மும்பைக் கோட்டைப் பகுதியில் உள்ள ஓவியக் கூடம் ஒன்றில் படம் மாட்டுவதுதான் தாராவிப் பூதத்தானுக்கு வேலை. போரின் இடிபாடுகளுக்கு நடுவே வளர்ந்த ஒரு ஜெர்மன் ஓவியரின் படத்தை அன்று அவர் மாட்டினார். முரட்டுத் தூரிகையால் அப்பிய ஒரு மனிதன், கைகளை விரித்தபடி நின்றான்.

"ஐயோ பூதத்தான், இவர் ஆளைத் தலைகீழாத்தான் வரைவார். கையெழுத்து மேல போயிடுத்து பாருங்கோ!" என்று சிரித்தாள் மாட்டுங்காவிலிருந்து வரும் மேலாளர் பிரேமலதா. "தலைகீழா இருந்தாத்தான் ஆள் மறைஞ்சு வர்ணம் மட்டும் தெரியும்."

கையெழுத்தைப் பூதத்தான் முன்பே பார்த்திருந்தார்; தெரிந்தேதான் ஆளை நிமிர்த்தி மாட்டியிருந்தார். வாஷியில் கட்டட வேலையின்போது பதினோராம் மாடிச் சாரத்திலிருந்து அவர் மகன் செல்வம் விழுந்ததும் அப்படித் தலைகீழாகத்தான். கண்ணை மூடிக்கொண்டு படத்தைத் திருப்பி மாட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சுவரிலிருந்த செல்வத்தின் போட்டோவைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தார். பிளாஸ்டிக் மாலை நழுவித் தரையில் விழுந்தது.

"என்ன பண்ணுதிய? பாகல் ஆயிட்டியளா, பைத்தியம் புடிச்சிருச்சா?" என்று ஓடிவந்தாள் மனைவி மாரிசெல்வி.

"இப்படிப் புடிச்சா ஆளு தெரியாதாம்ளா. வெறும் சாயந்தான் தெரியுமாம்."

மாரிசெல்வி போட்டோவைப் பிடுங்கவில்லை. கழுத்தைச் சாய்த்து அவளும் பார்த்தாள்.

"நம்ம புள்ளதான் தெரியுதான்," என்றாள்.