மேல் ஷட்ஜம்

தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் குரல் கரகரத்துப் போனது. பேச்சு திரும்பியது, பாட்டு திரும்பவில்லை. இரண்டு வருஷமாகியும் அப்படியேதான். அதைவிட ஆத்திரம் வேறொன்றில். வலியசாலையில் எங்கள் தெருவில் நவராத்திரிக்குக் கொலு பார்க்கப் போனால், வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பாடிய பிறகுதான் தாம்பூலமும் சுண்டலும் தருவார்கள். எனக்கு மட்டும் உள்ளே நுழைந்ததுமே கையில் திணித்துவிடுவார்கள். பாடச் சொல்லிச் சங்கடப்படுத்தக் கூடாதாம். நல்ல மனசுதான், யார் இல்லையென்றது? ஆனால் அந்தக் கருணையைத் தூக்கித் தெருவில் வீசலாம் போலிருக்கும் எனக்கு.

மூச்சுப் பயிற்சிக்கு எதையாவது ஊதச் சொன்னார் டாக்டர். பலூன் ஊதி அலுத்துப்போய் ஒரு ரெக்கார்டர் வாங்கினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊதுகிற பிளாஸ்டிக் குழல்தான். கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு மாடியில் சனிக்கிழமை வகுப்பு. என்னைத் தவிர எல்லாருக்கும் எட்டு, ஒன்பது வயசு. டீச்சர் மலையாளி, என் மகள் வயசுதான் இருக்கும்.

காற்றைப் பலமாக விட்டால் இந்தக் குழல் வீறிடும். அதை இரண்டு வாரத்தில் அடக்கிவிட்டேன். என் விரலைத்தான் அடக்க முடியவில்லை. பத்து வயதிலிருந்து பாடியவள். ஒரு ஸ்வரத்தை அசைக்காமல் விட எனக்குத் தெரியாது. துளைமேல் விரல் தானாக உருளும். எல்லாரும் சேர்ந்து ஒரே ஸ்வரத்தைப் பிடிக்கும்போது என்னுடையது மட்டும் நெளியும்.

“ஆன்ட்டி, ஆட்டண்ட. நேரே பிடிச்சா மதி,” என்றாள் டீச்சர். ஆட்ட வேண்டாம், நேராகப் பிடித்தாலே போதுமாம்.

“ஆட்டாதது ஒரு ஸ்வரமாம்மா?” என்றேன் சுருக்கென்று.

பக்கத்துச் சிறுமி திரும்பி, “ஆன்ட்டி ஆட்டும்போ எனிக்கும் தெற்றுந்நு,” என்றாள். என்னால் அவளுக்கும் தப்பாகிறதாம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பொருமினேன். குரல் போனவளுக்கு மிச்சமிருந்தது அந்த அசைவு ஒன்றுதான், அதையும் விடு என்கிறார்களே! அன்றைக்கு அழுதேன். மறுநாள் வீம்புக்கு ஒரு ஷட்ஜத்தை எட்டு எண்ணும்வரை நேராகப் பிடித்துப் பார்த்தேன். அப்போதுதான் என் மூச்சு நடுங்குவது எனக்கே கேட்டது. இத்தனை வருஷம் கமகம் என்கிற அந்த அசைவுக்குள் எதையெல்லாம் ஒளித்து வைத்திருந்தேனோ! அதற்குப் பிறகு டீச்சரிடம் எதிர்ப்பேச்சு பேசவில்லை.

இந்த நவராத்திரிக்குக் குழலைப் பைக்குள் வைத்துக்கொண்டு எதிர்வீட்டு மாமியின் கொலுவுக்குப் போனேன். மாமியின் காதுக்கு எந்த அபஸ்வரமும் தப்பாது. நான் பாடிய நாட்களில் என்னை ஒருநாளும் சும்மா விட்டதில்லை. அவரே இப்போது, நுழைந்ததும் தட்டோடு வந்தார்.

“இந்தாடி, எடுத்துக்கோ. நோக்கு நேரமாயிருக்கும்.”

“இருக்கட்டும் மாமி. என் முறை இன்னும் வரலையே.”

மாமி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தார்.

என் முறை வந்ததும் சுருதிப் பெட்டியைக் குழலுக்குத் தகுந்தபடி மாற்றச் சொன்னேன். குழந்தைகளுக்குச் சொல்லித்தரும், இங்கிலீஷ் மெட்டிலான ஒரு நோட்டு ஸ்வரத்தை ஊதினேன். அதில் எல்லாமே நேர் ஸ்வரங்கள், ஆட்ட வேலையே இல்லை. உள்ளங்கை வியர்த்து விரல் வழுக்கியது. கடைசி வரியில் பதற்றத்தில் காற்று கூடிப்போய் மேல் ஷட்ஜம் சுருதிக்கு மேலே ஏறிவிட்டது. எனக்கே தெரிந்தது.

“ரொம்ப நன்னா இருந்தது,” என்றார்கள் இரண்டு மூன்று பேர் அவசரமாக. மறுபடியும் அதே கருணை.

“என்ன நன்னா இருந்துது?” என்றார் மாமி. முகம் சுளித்திருந்தது. “மேல் ஷட்ஜம் சேரவே இல்லை. நாளைக்குச் சரிபண்ணிண்டு வந்து ஊது, கேட்டியா?”

இரண்டு வருஷமாக என் சங்கீதத்தில் யாரும் குற்றம் சொன்னதில்லை. “சரி மாமி,” என்றேன். சந்தோஷத்தோடு குழலைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன். அதற்கப்புறம்தான் சுண்டலை வாங்கிக்கொண்டேன்.